கடிகாரத்தின் முதுகில்

தன் ஐம்பத்தாறாம் வருடத்துக் காரிலிருந்து ஓடாத கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு புதுப்பேட்டைக்கு வந்திருந்தார் மன்சூர். பழைய உதிரிபாகங்கள் விற்கும் பிலோமினாவின் அலமாரியில் அதே மாதிரிக் கடிகாரம் ஒன்று பளபளத்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அதைக் குடுங்கம்மா. ஓடாத கடிகாரத்தோட பழைய கார் கண்காட்சிக்குப் போனா சிரிப்பாங்க."

அவள் அவருடையதை வாங்கித் திருப்பி, பின்புறத்துப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். தகட்டில் சின்னதாக ஒரு மூன்றும் ஐம்பத்தாறும் தெரிந்தன.

"மார்ச் மாசம் செஞ்சது சார். வண்டி எப்ப வந்துச்சு?"

"ஏப்ரல்ல."

"அப்ப இது வண்டியோடவே பொறந்தது. என்னோடது அறுபத்திரண்டுல செஞ்சது. தரமாட்டேன். இதையே ரிப்பேர் பண்ணுங்க."

மன்சூர் அவளையே பார்த்தார். "இந்த மாதிரி வண்டியில நெறைய போயிருக்கீங்களா?"

"எங்கிட்ட எல்லாம் துண்டு துண்டாத்தான் சார் வரும். முழுசா பார்த்ததே இல்ல."

அவர் அவளைக் கார் நின்ற தெருமுனைக்கு அழைத்துப்போனார். பிலோமினா காரை மெல்லச் சுற்றி வந்தாள். விளக்கு வளையத்தையும் கதவுக் கைப்பிடியையும் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் அதது எடத்துல இருக்கு சார்."

மன்சூர் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து, "உக்காருங்க" என்றார்.

அவள் புடவைத் தலைப்பில் இரண்டு கைகளையும் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.