மூன்றரை கிலோ

“இன்னும் அஞ்சு கிலோவாவது குறைக்கணும்,” என்றார் மூத்த மாப்பிள்ளை, எடை பார்க்கும் இயந்திரத்தை விட்டு இறங்காமலே.

“ராத்திரி சாப்பாட்டை விட்டுடுங்க,” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

“எனக்கு இல்ல. பைக்கு!”

கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்த பையை இறக்கி வைத்தார். அவர் எடையைக் கழித்தால் பை மட்டும் ஒன்பது கிலோ. வார இறுதியில் அவரும் சகலையும், அதாவது மனைவியின் தங்கை கணவரும், சைக்கிளில் மலையேறி, மேலேயே படுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

சகலையின் பை நாலே கிலோ. அதைத் தராசில் ஏற்றிப் படம் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார் மனிதர். அதன் கீழே மாமனார், “சபாஷ் மாப்பிள்ளை!” என்று எழுதியிருந்தார்.

மூத்தவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாகி இத்தனை வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து அவருக்கு ஒரு ‘பரவாயில்லை’ கூட வந்ததில்லை. நேற்று வந்தவனுக்கு சபாஷாம்.

படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பைக்குப் பக்கத்தில், ரொட்டிப் பாக்கெட் அளவில் ஆரஞ்சு நிற உறை ஒன்று.

“அது என்னங்க?” என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

“கூடாரம். இப்பல்லாம் காத்து மாதிரி துணி வந்திருக்கு. மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். பயங்கர விலை.”

“கூடாரமா, இத்துனூண்டா? எதுக்கும் அவரையே கேளுங்களேன்.”

“கேட்டா எனக்குத் தெரியாதுன்னு ஆயிடாதா?”

ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன் போட்டார். “எப்படித் தம்பி, நாலு கிலோவுல முடிச்சிட்டீங்க?”

“எல்லாம் உங்க தயவுதாண்ணா,” என்று சிரித்தார் சகலை. “ஆமா, உங்க கூடாரம் மூணு பேர் படுக்கிற சைஸ்தானே?”

“தாராளமா படுக்கலாம்,” என்று சொல்லிப் போனை வைத்தவர், மனைவி பக்கம் திரும்பினார். “பாத்தியா நக்கலை? என் கூடாரம் பெரிசாம், கனமாம். குத்திக் காட்டறான்!”

“அவர் சாதாரணமாத்தானே கேட்டார்?”

“உனக்குத் தெரியாது. உன் தங்கச்சி புருஷன் சாதாரணமா மூச்சு கூட விட மாட்டான்.”

ஊரில் எல்லோரிடமும் ‘எதுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கட்டும் சார்’ என்று சொல்லி இன்ஷூரன்ஸ் விற்கிற மனிதர், தன் பையிலிருந்து ஒவ்வொரு பாதுகாப்பாக உருவ ஆரம்பித்தார். பல் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தார். சட்டைக் காலரில் தைத்திருந்த துணி லேபிளைக் கூடப் பிளேடால் வெட்டினார். மழைக்கோட்டு வெளியே போயிற்று. பஞ்சு வைத்த ஸ்லீப்பிங் பேகும் போய், அந்த இடத்தில் ஒரு மெல்லிய போர்வை வந்தது.

மறுபடி தராசில் ஏறினார். ஆறரை கிலோ.

பாக்கி இருந்த பாரம் கூடாரந்தான். துணியும் கம்பியும் முளைக்குச்சியுமாக அது மட்டுமே மூன்று கிலோ. அதையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவர், உருவியெடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“ஐயய்யோ, எங்க படுப்பீங்க?” என்று பதறினாள் மனைவி.

“அவன் கூடாரத்துலதான். மூத்த மாப்பிள்ளைய வெளியில விட்டுட்டு அவன் மட்டும் உள்ள படுத்துக்குவானா? உங்கப்பா சும்மா விடுவாரா?”

“முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“சொன்னா அதையும் குழுவுல போட்டு மானத்தை வாங்குவான். அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

மூன்றரை கிலோ! படம் பிடித்துப் போட்டார். நகத்தைக் கடித்தபடி காத்திருந்தார். கடைசியில் வந்தே விட்டது மாமனாரின் பதில்: “அடடே, மூத்தவர் ஜெயிச்சிட்டாரே!” மனிதர் அதை மனைவியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

கிளம்பிய அன்று மேடேற ஏற சகலை முன்னால் போனார், மூத்தவர் பின்னால் மூச்சு வாங்கினார். சகலையின் சீட்டுக்குப் பின்னால் அந்த ஆரஞ்சு உறை நாளெல்லாம் அவர் கண் முன்னால் ஆடிக்கொண்டே போனது. ‘ஆடு, ஆடு. ராத்திரி உனக்குள்ளதானே படுக்கப் போறேன்’ என்று நினைத்துக்கொண்டு மிதித்தார்.

சாயங்காலம் மரம் மட்டை இல்லாத ஒரு மேட்டில் சைக்கிளை நிறுத்தினார்கள். கடைசியாகப் பார்த்த வீடு அடிவாரத்தில் இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வர, குளிர்காற்றோடு பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது.

“எடுங்கண்ணா, சீக்கிரம்,” என்றார் சகலை, கையைத் தேய்த்துக்கொண்டு.

“எதை?”

“கூடாரத்தத்தான். மூணு பேர் தாராளமா படுக்கலாம்னு சொன்னீங்களே, அத நம்பித்தானே நான் எதுவும் கொண்டு வரல. ஆனா அண்ணா, உங்க பை மூணரை கிலோன்னு பாத்ததும் எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வயித்தெரிச்சல்! சொல்லாம கொள்ளாம புதுக் கூடாரம் வாங்கிட்டீங்கல்ல?”

மூத்தவர் சகலையின் சைக்கிளைக் காட்டினார்.

“அப்ப... அந்த ஆரஞ்சு உறையில இருக்கிறது?”

“அதுவாண்ணா? காத்தடிக்கிற தலகாணி.”