ஷாக் குடுத்த நெல்லு

"ஷாக் குடுத்தா செத்துப்பூடும்னு நெனச்சேம்மா. இப்ப பாரு, இன்னா ஜோரா நிக்குது!"

குப்பம்மாள் சொன்னது நெற்பயிரைப் பற்றி. பெரியபாளையம் பக்கம் ஆராய்ச்சிக்காக எடுத்திருந்த இரண்டு பாத்திகளையும் இந்தப் போகத்திலிருந்து பார்த்துக்கொள்வது அவள்தான்.

ஷாக் என்றால் கரண்ட் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் செய்த இரும்புக் குழாய்க்குள் காற்றை டமாரென்று வெடிக்கவிட்டு, அந்த அதிர்வலையை விதைநெல்லுக்குள் பாய்ச்சுவது. அந்த நெல் ஒரு பாத்தியில். ஒப்பிட்டுப் பார்க்க, சாதா நெல் இன்னொன்றில். ஆராய்ச்சிக்காரர்கள் பாஷையில் அதற்குக் கன்ட்ரோல் என்று பேர்.

போன போகத்தில் இரண்டும் ஒரே உயரம். இந்தத் தடவையும் வித்தியாசம் தெரியாவிட்டால் பணம் தரும் டெல்லிக்காரர்கள் ப்ராஜெக்ட்டை மூடிவிடுவார்கள், ஆராய்ச்சி மாணவி ஹெலனின் நாலு வருட உழைப்பு அவ்வளவுதான். லேபை விட்டு நகர முடியாதவள், நாற்று நட்ட பிறகு இன்றுதான் வருகிறாள், கூடவே பேராசிரியர் ஆதிகேசவன்.

ஷாக் நெல் இடுப்பளவு. கன்ட்ரோல் முழங்காலைத் தாண்டவில்லை!

"பின்னிட்டம்மா ஹெலன்! இப்பவே டெல்லிக்குச் சொல்லிடறேன்." நேற்றைய மழையில் வரப்பு வழுக்கியது. அதையும் பார்க்காமல் பேராசிரியர் போனும் காதுமாக நடந்தார்.

ஹெலனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பக்கத்து வயலில் யாரோ போட்ட சாதா நெல்கூட இடுப்பைத் தொடுகிறதே, இதற்கு மட்டும் என்ன கேடு?

"அக்கா, இதுல பூச்சி கீச்சி வுழுந்துச்சா?"

"சே சே, சுத்தமா இல்ல."

"உரம்?"

"ரெண்டுத்துக்கும் ஒண்ணாதான் போட்டேன். நீ சொன்னத அப்பிடியே செஞ்சிக்கினு வரேன், கண்ணு."

"அப்புறம் எப்பிடிக்கா இது மட்டும் இவ்ளோ சோணியாப் போச்சு?"

குப்பம்மாள் அவளை வினோதமாகப் பார்த்தாள். தூரத்தில் பேராசிரியர் யாருக்கோ உரக்க நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இப்பிடிக் கேக்குற? நீதானே இத்த கன்ட்ரோல்னு சொன்ன? அதான் தண்ணிய கன்ட்ரோலா உட்டேன்."