போகையில் மூன்று பேர்

“சத்தம் வரக் கூடாது. படகு குலுங்கவும் கூடாது. அப்பிடி ஒண்ணு குடுங்க.”

வந்தவர் உடைந்த ப்ரொப்பல்லரைக் கண்ணாடி மேஜை மேல் ணங்கென்று போட்டார். மூன்று இறக்கையில் ஒன்று பாதியோடு போயிருந்தது.

“யோவ், கண்ணாடிய்யா அது! ஒடைஞ்சா உங்கப்பனா வந்து தருவான்?” என்று எகிறினார் வேல்பாண்டி.

“ஒடையலைல்ல? பெறகென்னத்துக்குக் கத்துறீக?”

தேனியில் படகு மோட்டார், பம்புசெட்டு சாமான் கடை வைத்திருக்கிற வேல்பாண்டி, நல்ல நாளிலேயே சிடுமூஞ்சி. இன்றைக்குக் காலையிலிருந்து வீட்டுக்காரி ராஜாத்தி வேறு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் மகள் புராணம்தான். சொல்லாமல் கொள்ளாமல் எவனையோ கட்டிக்கொண்டு போனவளை வீட்டில் சேர்க்கச் சொல்லி ஒப்பாரி வைப்பாள். இரண்டு வருஷமாக முடியாது, முடியாது என்று வீம்பாக இருக்கிறார் மனுஷன். உள்ளுக்குள் அரிக்கத்தான் செய்கிறது. வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்னாவது?

போனைக் கட் செய்துவிட்டு, ப்ரொப்பல்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரெல்லாம் தேய்ந்து கிடந்தது.

“பாறையில விட்டு ஏத்துனியாக்கும்?”

“அணையில தண்ணி வத்திப் போச்சு. பாறை என்ன, கையத் தூக்கிக்கிட்டா நிக்கும்?”

“வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல. பிட்ச், அதான் இறக்கையோட முறுக்கு, கூட இருந்தா படகு பறக்கும். கொறைச்சலா இருந்தா மெதுவாப் போகும், ஆனா பாரம் இழுக்கும். எது வேணும்?”

“பறக்க வேணாம்.”

“எத்தனை பேரு ஏறுவீக?”

“போகையில மூணு பேரு. வாரப்ப ரெண்டு பேருதான்.”

அலமாரியிலிருந்து நாலு இறக்கை ப்ரொப்பல்லரை எடுத்த வேல்பாண்டியின் கை அப்படியே நின்றது.

“அந்த மூணாவது ஆளு?”

“விட்டுட்டு வந்துருவோம்.”

“அதுக்கு எதுக்குப் படகு? ரோட்டுல கூட்டிட்டுப் போக வேண்டியதுதான?”

“அணையச் சுத்தி இருக்குற குழி ரோட்டுல கூட்டிட்டுப் போற மாதிரி ஆளில்ல.”

“உன் பேரு என்ன? பில்லு போடணும்.”

“பேரைச் சொன்னா நீங்க சாமான் தர மாட்டீக.”

அட படுபாவி! ஆளை அணைத் தண்ணீரில் தள்ளிவிட்டு வரப் போகிறான். அதற்கு நம் கடைச் சாமானா? வேல்பாண்டி எடுத்த ப்ரொப்பல்லரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“தர மாட்டேன்! எவன் பெத்த பிள்ளையோ! அதுக்கும் ஒரு அப்பன் இருப்பான்லய்யா, அவன் வவுறு எரியாது? இரு, போலீஸுக்குப் போன் போடுறேன்!”

வந்தவர் குரலும் இப்போது ஏறியது.

“இருக்கான். நல்லாக் கல்லு மாதிரி இருக்கான். அவன் வாசல்லதான் விடப் போறோம்!”

மேஜை மேல் கிடந்த போன் மறுபடியும் அலறியது. ராஜாத்திதான்.

“மொதல்ல அதை எடுங்க. காலையில இருந்து உங்க வீட்டம்மா சொல்லத் துடிக்கிறாக.”

வேல்பாண்டி போனையும் பார்த்தார், வந்தவரையும் பார்த்தார். வந்தவர் அவர் நெஞ்சோடு கிடந்த ப்ரொப்பல்லரை மெல்ல வாங்கிக்கொண்டு கேட்டார்:

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான, சம்மந்தி?”