நீல எஞ்சினில் ரப்பர் பால்

தின்னரில் நனைத்த துணியால் ஒரே ஒரு தேய்ப்புதான் தேய்த்தாள் ரெனிஷா. துணி நீலமாகிவிட்டது.

ஐயோ என்று கையை இழுத்துக்கொண்டாள். பைக்கின் எஞ்சின் கவரில் நகமளவு பெயிண்ட் போய் வெறும் அலுமினியம் பல்லிளித்தது. காய்ந்த ரப்பர் பால் மட்டும் அசையாமல் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

புருஷன் வினோஜ் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சி ஏறியாயிற்று. திடீர் லீவு. நேற்றுதான் சொன்னான், பாவி.

துபாய்க்குப் போகுமுன் மூன்று நாள் குத்தவைத்து அவனே அடித்த பெயிண்ட் அது. போகும்போது பெண்டாட்டியைத் தட்டிக்கொடுத்தானோ இல்லையோ, வண்டியைத் தடவிக்கொடுத்தான்.

"யாரையும் தொட விடப்பிடாது, கேட்டியா."

யாரையும் அவள் தொட விடவில்லை. அவளேதான் ஓட்டினாள்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போவதை அவனிடம் சொல்லியிருந்தாள். எதில் போகிறாள் என்பதைத்தான் சொல்லவில்லை. குலசேகரத்துக்கு மேலே, மலையோரத் தோட்டத்தில் முந்நூறு மரம் அவள் பொறுப்பு. விடியுமுன் அந்தப் பக்கம் எந்த பஸ் போகிறது? வண்டியின் பக்கத்தில் கட்டிய கேனிலிருந்து இரண்டு வருடமாகப் பால் சிந்திச் சிந்தி, எஞ்சினுக்கு மேல் இன்னொரு தோல் வளர்ந்துவிட்டது.

சாவியை அவன் வாங்கி வைத்துக்கொண்டால் முந்நூறு மரமும் போச்சு. அதை நினைத்ததும் அழுகை முட்டியது. அவள் வெட்டிப் பழகிய மரங்கள் அல்லவா?

சோப்புத் தண்ணீருக்குக் கறை மசியவில்லை. நகத்தால் சுரண்டினால் கீறல் விழுந்தது.

விரலிடுக்கில் காலையில் பட்ட பால் காய்ந்து பிசுபிசுத்தது. பழக்க தோஷத்தில் ஜன்னலிலிருந்த ஒட்டுப்பால் உருண்டையை எடுத்து விரலில் உருட்டினாள். மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டையில் காய்ந்து மிஞ்சுகிற பாலைத் திரட்டிய உருண்டை அது. ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்தது, விரல் சுத்தமானது.

அடி மடச்சி, தினமும் செய்கிற வேலைதானே!

அதே உருண்டையை எஞ்சின் கவரில் வைத்து அழுத்தி உருட்டினாள். கறை சுருண்டு சுருண்டு வந்தது. அடியில் நீலம் அப்படியே இருந்தது. ஒரு மணி நேரத்தில் உருண்டை தேங்காயளவு ஆயிற்று. ஈரத்துணியால் துடைத்து, நகமளவு போன பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி நிறுத்தினாள்.

டாக்சி வந்தது. இறங்கியவன் நேராக வண்டியிடம் போனான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்த்தான். பெயிண்ட் போன இடத்தில் கட்டைவிரலை வைத்தான்.

பிறகு பெட்டியைத் திறந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தான். சின்ன சைஸ். அதே நீலம்.

"தலைக்குச் செரியாண்ணு பாருட்டி. வாங்கி ஒரு வருசமாச்சு. வீடியோ கால்ல ஒனக்குப் பின்னால வண்டி ஒருநாள் செவரப் பாத்து நிக்கும், மறுநாள் கேட்டப் பாத்து நிக்கும். அது தானா திரும்புமா?"

சொல்லிவிட்டு பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.