மருதாணி வைத்தியம்

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், நகச்சொத்தை என்பது ஒரு நோயே அல்ல. குளிக்காத அழுக்கர்களுக்கு மட்டும் வரும் தண்டனை. இந்தத் தீர்ப்பைக் கிளியனூர் ஆனந்தராஜ் நாற்காலியில் சாய்ந்தபடி, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பேசி அனுப்பினார்.

அவர் மனைவி கவிதா குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அவருடைய கால் கட்டைவிரல் நகமே மஞ்சளாகித் தடித்து, ஓரத்துத் தோலைக் கிழித்திருந்தது.

"ஏங்க, அலெக்ஸ் ஆட்டோ வாசல்ல நிக்குது. திண்டிவனத்துல டாக்டராண்ட காட்டிக்கினு ஜல்தியா வந்துடலாம்."

"தெனம் ரெண்டு வேளை சோப்பு போட்டுக் குளிக்கிறவன் நானு. எனக்கு எப்படிமே சொத்தை வரும்? இது ஒடம்பு சூடு. மருதாணி அப்பினா ஓடிப்பூடும்."

"உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்க."

"சக்கரை ரத்தத்துல இருக்குது. நகத்துல அதுக்கு என்னா வேலை? தோ பாரு, அமுக்குறேன். துளி வலி இல்ல. வலிக்காதது எல்லாம் ஒரு நோயா?"

"வலி தெரியலயேன்னுதாங்க பயமா இருக்குது. போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"அப்ப அந்த டாக்டரு அவசரப்பட்டுட்டான். பேஜாரு பண்ணாம போய் மருதாணி அரை."

ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. கவிதா இலைகளை அம்மியில் வைத்தாள். வைத்ததில் பாதியை எடுத்துத் தனியே போட்டாள். போன வருஷம் அவள் இரண்டு காலுக்கும் அரைத்தாள்.

இப்போது அவருக்கு இருப்பது ஒரு கால்தான்.