மிதந்தால் கூமுட்டை

கழுத்தைத் திருகினால் கோழி செத்துவிடும் என்றுதான் தலைவர் நினைத்தார்.

சாகவில்லை. தோல் கிழிந்து தலை ஒரு பக்கமாகத் தொங்க, ராத்திரி மழையில் ஊறிய முற்றத்தை அது இரண்டு சுற்றுச் சுற்றியது. சுவரில் மோதியது. கோழி வளர்ப்பைப் பார்வையிடப் பத்து மணிக்கு வரப்போகும் குழுவுக்காக அவர் போட்டிருந்த இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ரத்தத்தைத் தெளித்தது.

கடைசியில் ஒரு செங்கல் தேவைப்பட்டது.

கோழி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர். வதையில்லாக் கோழி வளர்ப்பு பற்றி முப்பத்திரண்டு பக்கக் கையேடு போட்டவர். வீட்டிலும் அவர் தலைவர்தான்.

"பெத்தவளா இவ? விடிஞ்சா பொரிக்கப்போற முட்டைய அம்போன்னு விட்டுட்டு, மழையில மகாராணியாட்டம் மதில் மேல உக்காந்திருக்கா!"

செத்த கோழியிடம்தான் கேட்டார். அது எதிர்த்துப் பேசவில்லை. சங்கக் கூட்டமும் இப்படியே நடந்தால் அவருக்குப் பிடிக்கும்.

அவர் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் தகரக் கூரை போட்ட கூண்டுக்குள், வைக்கோலில் மண்டியிட்டிருந்தாள். வெளியே 'மாதிரிக் கூண்டு' என்று பலகை.

ஒன்பது முட்டைகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஓடு சில்லிட்டிருந்தது. உள்ளே எங்கோ கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. இன்றோடு இருபது நாள். இன்னும் ஒரே ஒரு நாள்.

ஒன்பதையும் மடியில் வாங்கி, கொத்துக் காயம் பட்ட இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"உசுரு இருக்குங்க. பல்பு சூட்டுல வெச்சாப் பொழைச்சுக்கும்."

அப்படியெல்லாம் எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ஆள் அல்ல தலைவர். சோதனை வேண்டும். கையேட்டின் ஏழாம் பக்கம்: முட்டை தண்ணீரில் மிதந்தால் கூமுட்டை. கடையில் வாங்கிய முட்டைக்கு யாரோ எப்போதோ சொன்னதை, எல்லா முட்டைக்கும் சேர்த்து எழுதியிருந்தார்.

அவள் மடியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டார்.

மிதந்தது. மிதந்ததோடு நிற்காமல் லேசாக ஆடியது. உள்ளே யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல.

"அடைவெச்ச முட்டை கடைசி நாள்ல உசுரோட இருந்தாலும் மிதக்குங்க. நல்லாப் பாருங்க, ஆடுது!"

"புத்தகம் போட்டது நீயா, நானா?"

முட்டை சுவரில் வெடித்தது.

வழிந்து இறங்கியது மஞ்சள் கரு அல்ல. ஈரச் சிறகு. மூடிய கண். ஓர் அலகு. அலகு திறந்தது, மூடியது. தரைக்கு வந்த பிறகும் ஒருமுறை திறந்தது.

தலைவர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு செருப்பால் தேய்த்துவிட்டு, "கூமுட்டைதான்" என்று தீர்ப்புச் சொன்னார். வேறு என்ன சொல்வது? ஏழாம் பக்கத்தைத் திருத்துவதென்றால் கையேட்டையே மறுபடி அச்சடிக்க வேண்டும்.

இரண்டாவதும் மிதந்தது. இரண்டாவதும் சுவருக்குப் போனது.

மூன்றாவதற்குக் கை நீண்டபோது அவள் கூண்டைவிட்டு வெளியே வந்து, முற்றத்துச் சேற்றில் பந்தாகச் சுருண்டாள். வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே ஏழு முட்டைகள். அவர் கோழி விரட்டும் கம்பை எடுத்தார்.

முதுகைக் கொடுத்துவிட்டு முன்பக்கத்தைக் காப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். பல வருடப் பழக்கம். அதற்கு மட்டும் யாரும் இதுவரை கையேடு போடவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்றாவது அதே இடத்தில். நான்காவது காதில் விழுந்தது, உலகம் ஒரு பக்கமாக இரைந்தது.

ஒரு முட்டைகூட உடையவில்லை.

ஐந்தாவதற்குக் கம்பை ஓங்கும்போது வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

கம்பு அதன் இடத்துக்குப் போனது. கோழி மதிலுக்கு அந்தப் பக்கம் போனது. தலைவர் சட்டையை மாற்றினார், அப்படியே முகத்தையும்.

"வாங்க வாங்க! நம்ம வீட்டுக்கு வந்துட்டு வெளியவே நிக்கிறீங்களே!"

அவள் சமையலறையில் ஓர் அட்டைப் பெட்டியைக் காலி செய்தாள். பழைய துணியை விரித்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, ஓரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். ஏழையும் உருளாமல் ஒவ்வொன்றாக இறக்கினாள்.

கூடத்திலிருந்து தலைவரின் குரல் வந்தது. "அடைக்கோழிக்கு இருக்கற தாய்ப்பாசம் இருக்கே, அது மனுசங்களுக்குக்கூட வராதுங்க." யாரோ அதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கைதட்டல்.

அவள் நல்ல காதைப் பெட்டிக்குள் கொடுத்துக் குனிந்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு முட்டைக்குள் தட்டும் சத்தம். மெல்ல ஒரு கீச். பக்கத்து முட்டை அதற்குப் பதில் சொன்னது.

குனிந்த தலையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பும் பழுப்பு இறகு ஒன்றும் பல்பு வெளிச்சத்தில் உதிர்ந்தன. சட்டென்று எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

நேற்று ராத்திரி அவளை முற்றத்தில் தள்ளிக் கதவைத் தாழிட்டவர், மழையில் எங்கே படுத்தாய் என்று காலையில் கேட்கவில்லை. முற்றத்தில் கூரை இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

கூண்டுக்குள் நுழைந்தவளைக் கோழி முதலில் கையில் கொத்திப் பார்த்தது. சிறகை விரித்துக் கத்திப் பார்த்தது. அடித்துப்போட்ட அசதியில் அவள் நகரவே இல்லை.

பிறகு அது மதிலேறி, மழையில் நனைந்தபடி, அவள் எப்போது எழுந்து போவாள் என்று விடியும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.