வாசலில் எரியும் எண்

நாட்டின் உற்பத்திக் கணக்கில் வீட்டு வேலையையும் சேர்த்த பிறகு, ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுப் பெண்ணின் பங்கு ஓர் எண்ணாக எரிந்தது. எத்தனை மாடு கறந்தும், எவ்வளவு நெல் அவித்தும் செங்கமலத்தின் எண் அறுபதைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு வேம்புவுக்கோ நூற்றுப்பத்து! ஒரு கன்றுக்குட்டிகூட இல்லாதவளுக்கு!

வயிற்றெரிச்சல் தாங்காமல் கேட்டே விட்டாள். "அப்படி என்னதாண்டி செய்யுற நீ?"

"அவுரு தென்னையிலேருந்து விழுந்து படுத்துட்டாருல்லக்கா? சோறு ஊட்டுறது, பீ மூத்திரம் அள்ளுறது, எல்லாம் கணக்குல ஏறுது," என்றாள் வேம்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

செங்கமலம் வீடு திரும்பினாள். கொல்லையில் அவள் கணவன் தென்னையில் ஏறிக்கொண்டிருந்தான். எப்போதும் சொல்லும் "பாத்து ஏறுங்க" அன்று அவள் வாயில் வரவில்லை.